இரண்டாம் எதிரியின் அக்கா

கோர்ட்டுக்குப் போகிற நாளில் அஞ்சலாட்சி மீனைத் தொடமாட்டாள். வழக்கின் முதல் வருஷத்தில் ஒருநாள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையை நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் பக்கத்து இடத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கைகாலைக் கழுவிக்கொண்டு நேராக வந்துவிட்டாள். வராந்தாவில் நின்ற கோர்ட் சேவகன் டவாலி மூக்கைச் சுருக்கினான்.

"யாரும்மா அது, கருவாட்டுக் கடைய உள்ள கொண்டாந்தது?"

கறுப்புக் கோட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கருவாடு இல்லீங்க, பச்ச மீனு. மோந்து பாத்து பேதம் தெரியலன்னா நீங்க இன்னா புதுச்சேரிக்காரரு?" என்று அவள் கேட்டதும் சிரிப்பு டவாலி பக்கம் திரும்பியது. வாய் ஜெயித்ததே தவிர மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு வாய்தா நாள் வந்தால் ஏலம் கிடையாது, வியாபாரம் கிடையாது. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, மடித்து வைத்த சேலையை உடுத்தி, பத்து மணிக்குள் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி எண்பத்தெட்டு நாள் உட்கார்ந்தாள். எண்ணிக்கையில் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு வாய்தாவையும் தேதி, கிழமை, ஒத்திவைத்த காரணம் என்று மூன்று பத்தி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அம்மா இறந்தபோது தம்பி நாகராஜுக்கு மூன்று வயது. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, பிறகு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன வேலை படிக்க வைத்ததெல்லாம் அவள்தான். அவர்களுடைய மீனவக் குப்பத்தில் அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் அவன். அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால்கூட அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவளுடைய கையெழுத்துக்கும் குப்பத்தில் பேர் இருந்தது. மனு எழுத வேண்டுமா, ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஓலை எழுத வேண்டுமா, "அஞ்சலாட்சிகிட்ட போ" என்பார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு போட்ட மாதிரி எழுதுவாள்.

அந்தக் கையெழுத்துதான் தம்பியைக் கூண்டில் ஏற்றியது.

*

துறைமுகத்து ஓரமாக இராமதாஸ் என்பவருக்கு ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிற இடம். நாகராஜ் அங்கே மெஷின் ஆப்பரேட்டர். இரண்டாயிரத்துப் பதினாறு ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரே நாள். அறுபது நாளாகக் கரையில் கிடந்த படகெல்லாம் ஒரே நேரத்தில் கடலுக்குப் போகும். எல்லோருக்கும் ஐஸ் வேண்டும். மெஷின் நாலு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மோனியா குழாயில் ஒரு வால்வு ஒழுகியது. நாகராஜ் முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னான்.

"ஒழுவறது எனக்குத் தெரியும்டா," என்றார் இராமதாஸ். "படகு போவட்டும், மெஷின நிறுத்தி மாத்திக்கலாம். நீ துணிய நனைச்சு சுத்து."

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு வால்வு பிய்த்துக்கொண்டது. நாகராஜ் மெயின் வால்வை மூட ஓடினான். தொட்டிப் பக்கம் ஐஸ் பார் இறக்கிக்கொண்டிருந்த பாலாஜி வெளியே வரவில்லை. இருபத்தாறு வயது. அரியாங்குப்பம் அங்கம்மாளுக்கு ஒரே பிள்ளை.

மறுநாள் காலையில் கம்பெனி மேனேஜர் அஞ்சலாட்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தை மிகவும் துக்கமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊரு வழக்கப்படி ஒரு தப்புச் சீட்டு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, முதலாளி செத்தவன் ஊட்ல பேசி மரியாதையா முடிச்சுடறேன்னாரு. போலீசு அது இதுன்னு இழுக்கத் தேவயில்ல பாருங்க."

தப்புச் சீட்டு என்பது குப்பத்து வழக்கம். படகில் ஒரு கெடுதல் நடந்துவிட்டால், விசாரணைக்கு முன்பே, கை வைத்து வேலை செய்தவனின் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 'இந்தத் தப்பு எங்களைச் சேர்ந்தது. ஊர் சொல்கிறதற்குக் கட்டுப்படுகிறோம்.' தப்பு யாருடையது என்பது இன்னும் முடிவாகியிருக்காது. இருந்தாலும் இதை எழுதியே ஆகவேண்டும். சின்னவன் முதலில் தலை குனிந்தான் என்றால், அடுத்தபடி நாட்டாமை படகுக்காரனைத்தான் பார்ப்பார். "அவன் பங்க அவன் ஒத்துக்கினான். உன் பங்கு இன்னா?" என்று கேட்பார். அப்போது படகுக்காரன் எழுந்து, சின்னவன் சொன்னதைவிடப் பெரிய பங்கைத் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவன் வீட்டில் ஊரார் கை நனைக்கமாட்டார்கள். இதுவரை போடாதவன் யாரும் இருந்ததில்லை.

அஞ்சலாட்சி சீட்டு எழுதினாள். ஒரு பிள்ளை செத்திருக்கிறான், நாம் தலை குனியாமல் இருந்தால் அது என்ன வளர்ப்பு என்று நினைத்தாள். நாகராஜ் தயங்கினான்.

"அக்கா, வால்வு பத்தி நான் சொன்னத எழுதலியே."

"அத அவரு சொல்வாரு. நம்ம வாயால பெரியவங்க மேல பழி போட்டா அது தப்புச் சீட்டா? போடு கையெழுத்த."

அவன் போட்டான். மேனேஜர் தாளை நாலாக மடிக்காமல், கசங்காமல், பைலில் வைத்து எடுத்துப் போனார். அந்தக் கவனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று மதியம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோதும், வழக்கப்படி அவளே தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டாள்.

இராமதாஸ் தன் பங்கைச் சொல்ல வரவில்லை. அவருக்கு அன்று சாயங்காலமே நெஞ்சு வலி வந்து, ஏ.சி. அறையில் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் முன்ஜாமீன் வந்தது. நெஞ்சு வலி நின்றது.

*

முதல் எதிரி இராமதாஸ், இரண்டாம் எதிரி நாகராஜ் என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். முதலில் பெரிய பிரிவு எழுதினார்கள், பிறகு கவனக்குறைவால் மரணம் என்று மாற்றினார்கள். மாற்றி, ஜாமீன் கொடுக்க முப்பத்தொரு நாள் ஆனது. ஜாமீன் கிடைத்த பிறகும் நாகராஜ் இன்னும் நாற்பத்து மூன்று நாள் காலாப்பட்டு சிறையில் இருந்தான். காரணம், வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். குப்பத்தில் எல்லோருக்கும் வீடு இருந்தது. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு. விற்க உரிமை இல்லாத வீடு ஜாமீனுக்கு ஆகாது என்று கிளார்க் ஒவ்வொரு ரசீதாகத் திருப்பிக் கொடுத்தார்.

"வூடு குடுத்ததும் கவர்மெண்ட்டு, கோர்ட்டும் கவர்மெண்ட்டு. நீங்க குடுத்தத நீங்களே நம்பமாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஜட்ஜு கிட்ட கேளும்மா."

ஜட்ஜிடம் அவளை யார் பேசவிடுவார்கள்? கடைசியில் நெல்லித்தோப்பில் அவள் கூடை வைக்கிற இடத்துக்கு எதிரே அரிசிக் கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா பாயும், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்த தம்பியின் உடம்பெல்லாம் சிரங்கு. அவள் அழவில்லை. வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டு, ஒரு நோட்டு வாங்கி முதல் தேதியை எழுதினாள்.

குற்றப்பத்திரிகை வர இரண்டு வருஷம். அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவும் ஒரே மாதிரிதான்.

"முதல் எதிரி இராமதாஸ்! இராமதாஸ்! இராமதாஸ்!" என்று டவாலி மூன்று தடவை கூப்பிடுவான். சென்னையிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் எழுந்து ஒரு மனுவை நீட்டுவார். வர முடியாத காரணம் அதில் இருக்கும்.

"இரண்டாம் எதிரி நாகராஜ்!"

"இருக்கறேங்க!"

"ஒத்தி வைக்கப்படுகிறது."

அவ்வளவுதான். இதற்காக நாகராஜ் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருப்பான். ஏ.சி. ரிப்பேர் கடைகள் மூன்றில் வேலை பார்த்து மூன்றிலும், "மாசத்துக்கு ஒருநாள் கோர்ட்டு, கோர்ட்டுன்னா எப்பிடிப்பா?" என்று அனுப்பிவிட்டார்கள். கத்தார் நாட்டுத் தோகாவில் குளிர்கிடங்கு வேலை ஒன்று கிடைத்தது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் ஒரு காப்பியோடு எழுந்து போனார்கள்.

ஒரே ஒரு வாய்தாவுக்கு நாகராஜ் வரவில்லை. டெங்கு காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. அஞ்சலாட்சி அரசு மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர்களுக்கு இலவசமாக வைத்த வக்கீல் அன்று வேறு கோர்ட்டில் இருந்தார். சீட்டை வாங்க ஆள் இல்லை. பிடியாணை போட்டுவிட்டார்கள். காய்ச்சல் விட்ட நாலாம் நாள் போலீஸ் வந்து தூக்கிப்போய் நாலு நாள் உள்ளே வைத்தது. இராமதாஸ் வராமல் இருந்த வாய்தாக்களை அவள் நோட்டில் எண்ணிப் பார்த்தாள். அதுவரைக்கும் ஐம்பத்திரண்டு.

*

அங்கம்மாளும் எல்லா வாய்தாவுக்கும் வருவாள். சாட்சி விசாரணை ஆரம்பிக்கும்வரை வரத் தேவையில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். முதல் நாள் அஞ்சலாட்சியைப் பார்த்ததும் அவள் காலடியில் காறித் துப்பினாள். அஞ்சலாட்சி அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் ஒருத்தி இந்தக் கோடி, ஒருத்தி அந்தக் கோடி.

மூன்றாம் வருஷம் ஒரு மழை நாளில் பெஞ்சின் அந்தப் பக்கம் முழுக்க ஒழுகியது. அங்கம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"இது எத்தினியாவது வாய்தா? எனக்கு மறந்து மறந்து போவுது."

"இருவத்தேழு, பெரியம்மா."

"இன்னா சொல்றானுவ உள்ள?"

"முதலாளிய வழக்குலேருந்தே விடுவிக்கணும்னு மனு போட்டிருக்காங்க. அது முடிஞ்சாத்தான் நம்மளுது."

"நம்மளுதா?" என்று அங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆமாமா, நம்மளுதுதான்," என்றாள். "எம்புள்ள சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னான். வால்வு ஒழுவுதும்மா, நாகு அண்ணன் கத்துது, மொதலாளி கேக்கலன்னு. போலீசுல சொன்னேன். அத எழுதவே இல்ல."

அஞ்சலாட்சி கொண்டுவந்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

அந்த மனு தள்ளுபடியானதும் இராமதாஸ் மேல்கோர்ட்டில் தடை வாங்கினார். இரண்டு வருஷம் வழக்கு அசையவில்லை. ஆனால் நாகராஜ் மாத்திரம் மாதாமாதம் வந்து 'இருக்கறேங்க' சொல்ல வேண்டும். தடை நீங்கியபோது இராமதாஸ் பாரிஸில் இருந்தார். அவர் மனைவி வழியில் எல்லோருக்கும் பிரெஞ்சு குடியுரிமை. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்தவர். இந்தத் தடவை வக்கீல் நீட்டியது பிரெஞ்சில் எழுதிய டாக்டர் சான்றிதழ். நீதிபதி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"உடல்நிலை சரியில்லைன்னு, யுவர் ஆனர்."

"மொழிபெயர்த்துக் கொடுங்க."

மொழிபெயர்ப்புக்காக நாலு வாய்தா போனது. முதல் தடவை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை நீதிபதி மாற்றல். மூன்றாம் தடவை கொண்டுவந்த மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை. நாலாம் தடவை சரியாக வந்தது. நீதிபதி வாய்விட்டுப் படித்தார். இடது முழங்காலில் வலி. பதினைந்து நாள் நீண்ட தூரம் நடக்காமல் இருப்பது நல்லது. அதற்குள் அந்தப் பதினைந்து நாள் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"எம்முட்டி ரெண்டும் போயி ஆறு வருஷம் ஆவுது," என்று அங்கம்மாள் வராந்தாவில் சத்தமாகச் சொன்னாள். "எங்கயாச்சும் பிரெஞ்சுல எழுதித் தருவாங்களா, கேட்டு சொல்லுங்கடா."

அடுத்த மாசிமகத்தில் இராமதாஸ் ஊரில் இருந்தார். கடற்கரைக்கு சாமி போகையில் முன்னால் பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு நடந்தார், ஒரு மூன்று கிலோமீட்டர் இருக்கும். அஞ்சலாட்சி போனில் படம் எடுத்து இலவச வக்கீலிடம் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சாமி நல்லா விழுந்திருக்கு," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் இராமதாஸ் தரப்பு வழக்கைத் தனியாகப் பிரிக்கச் சொல்லியது. முதல் எதிரியின் உடல்நிலை காரணமாக வழக்கு தாமதமாகிறது, ஏழை இரண்டாம் எதிரி அதனால் பாதிக்கப்படக் கூடாது என்று அந்த மனுவில் இருந்தது. அதைக் கேட்டதும் அஞ்சலாட்சி எழுந்து வெளியே போனாள். மரத்தடியில் உட்கார்ந்து அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதினாள். ஏழு வருஷமாகத் தம்பியை அரைத்தவர்கள் அவனுக்காக இரக்கப்பட்டு மனு போடுகிறார்கள்.

பிரித்தார்கள். பிரித்த ஐந்தாம் மாதம் மேல்கோர்ட்டில் இராமதாஸ் மேலுள்ள வழக்கு ரத்தானது. சம்பவத்தின்போது அவர் அந்த இடத்தில் இல்லை, மெஷினை இயக்கியவரே தவற்றை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆதாரம், கடிதம்.

*

அந்தக் கடிதம், அதாவது அஞ்சலாட்சி எழுதிய தப்புச் சீட்டு, நாகராஜ் வழக்கில் ஒன்பதாம் சான்றாவணம். மஞ்சள் தாளில் ஒட்டி, மேலே முத்திரை குத்தியிருந்தார்கள். எட்டு வருஷம் கழித்து அதைப் பார்த்தபோது, ஒரு கசங்கலும் இல்லாமல் புதிதாக இருந்தது.

இலவச வக்கீல் மாறி, ஃபரீஹா என்கிற பெண் வந்திருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். வழக்குக் கட்டு முழுவதையும் படித்த முதல் ஆள் அவள்தான்.

"அக்கா, இது உங்க ஊர் வழக்கம்னு நீங்களே கூண்டுல ஏறிச் சொல்லணும். வேற வழி இல்ல. சொல்வீங்களா?"

"சொல்றேன் வக்கீலம்மா. ஊர்ப் பஞ்சாயத்துலயே பேசினவ நான்."

சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னாள். தப்புச் சீட்டு என்றால் என்ன, யார் எழுதுவார்கள், எதற்கு எழுதுவார்கள், பெரியவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதி பாதி வரைக்கும் கேட்டார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமாங்க."

"யாராவது மிரட்டி எழுத வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"தம்பியோட கையெழுத்த மிரட்டி வாங்கினாங்களா?"

"நான்தாங்க போடச் சொன்னேன்."

"'இந்தத் தப்பு எங்களைச் சேர்ந்தது.' இப்படித்தானே எழுதியிருக்கீங்க? இது உண்மையா, பொய்யா?"

"அது வழக்கமுங்க. அத எழுதுறது..."

"வழக்கம் வேணாம்மா. உண்மையா, பொய்யா?"

அவள் நீதிபதியைப் பார்த்தாள். அவர் வழக்கு தொடங்கியதிலிருந்து ஏழாவது நீதிபதி. கெட்ட முகம் இல்லை, களைத்த முகம். "உங்க ஊர் வழக்கத்த வெச்சு நான் தீர்ப்பு எழுத முடியாதும்மா. கேள்விக்குப் பதில் சொல்லுங்க," என்றார்.

அஞ்சலாட்சி எழுதியதில் பொய் இருக்கிறது என்று குப்பத்தில் யாரும் சொன்னதில்லை. ஒரு படியில் எத்தனை நெத்திலி என்று கேட்டால்கூட எண்ணிப் பார்த்துத்தான் எழுதுவாள். உண்மை என்றால் தம்பி உள்ளே போவான். பொய் என்றால், செத்தவன் வீட்டுத் துக்கத்தில் பொய் எழுதியவள் என்று ஆகிறது. பின்னால் சாட்சிகள் வரிசையில் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூண்டின் எதிரே நாகராஜ். நாற்பது வயதாகிவிட்டது. தலையில் பாதி நரை.

"பொய்," என்றாள்.

"சத்தமா சொல்லுங்க."

"பொய்யிங்க! பொய் எழுதினேன். முதலாளிக்கு மானம் இருக்கும்னு நெனச்சு எழுதினேன்."

அரசு வக்கீல் தட்டச்சு செய்கிறவர் பக்கம் திரும்பினார். "கடிதம் தன் கையெழுத்து என்று ஒப்புக்கொள்கிறார். அதிலுள்ளது பொய் என்கிறார். எனவே சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல."

*

அங்கம்மாளின் சாட்சியத்தில் மகன் சொன்ன வால்வு விஷயம் செவிவழிச் செய்தி என்று கழிக்கப்பட்டது. தீர்ப்பு இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆகஸ்டில் வந்தது. அன்று காலை பதினொன்றரை மணிக்கு நாகராஜுக்கு ஓராண்டு சிறை. ஏற்கெனவே உள்ளே இருந்த எழுபத்தெட்டு நாளைக் கழித்துக்கொள்ளலாம். வாசித்து முடிக்க நாலு நிமிஷம்.

கான்ஸ்டபிள் வந்து நாகராஜின் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபரீஹா உடனே எழுந்து, மேல்முறையீடு செய்கிறவரை தண்டனையை நிறுத்திவைக்க மனு கொடுத்தாள். நீதிபதி ஒப்புக்கொண்டார்: இரண்டு ஜாமீன்தாரர்கள், இன்றே, அலுவலக நேரம் முடிவதற்குள். இல்லையென்றால் காலாப்பட்டு.

ஹிதாயத்துல்லா பாய்க்குப் போன் பண்ணினாள். அவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, மாவு ஒட்டிய சட்டையோடு வந்து சேர்ந்தார். அந்த வாத்தியார் இறந்து நாலு வருஷம் ஆகிறது. சித்தப்பா மகன் குப்பத்து வீட்டு ரசீதைக் கொண்டுவந்தான். கிளார்க் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. அஞ்சலாட்சி போனில் இருந்த ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். மீன் வாங்குகிற ஓட்டல்காரர், "எனக்கு எதுக்கும்மா கோர்ட்டு வம்பு," என்று வைத்துவிட்டார். வாடிக்கைக்காரப் பெண்மணி ஒருத்தி வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பிறகு எடுக்கவில்லை. நாகராஜ் வராந்தாவில் கான்ஸ்டபிளோடு உட்கார்ந்திருந்தான்.

"விடுக்கா. பத்து மாசம்தான மிச்சம். இருந்துட்டு வந்தா வாய்தாவாவது முடியும்."

"வாய மூடு."

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அங்கம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். தள்ளாடித் தள்ளாடி நடந்து கிளார்க்கின் மேசைக்குப் போனாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அரியாங்குப்பத்தில் புருஷன் வாங்கிப் போட்ட மனை, அவள் பேரில் வீட்டு வரி ரசீது, ஆதார் கார்டு. எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள்.

"இன்னொரு ஜாமீனு நான்."

கிளார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ மூணாவது சாட்சி இல்ல?"

"ஆமா."

"செத்தது உன் புள்ளதான?"

"ஆமா சார்."

"உம்புள்ளைய கொன்னவனுக்கு நீயே வந்து ஜாமீன் போடறியா? என்னம்மா இது?"

"கொன்னவன் வாய்தாவுக்கே வரலியே சார். நீங்கதான மூணு மூணு வாட்டி பேரு கூப்ட்டுப் பாத்தீங்க."

பக்கத்து மேசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கிளார்க் எழுந்து நீதிபதியின் அறைக்குள் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தார். சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை என்று, யாரிடமோ தோற்றுப்போனவர் மாதிரிச் சொன்னார். "இங்க, இங்க, இங்க" என்று விரலால் காட்டினார். அங்கம்மாள் மூன்று இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அஞ்சலாட்சி அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

கான்ஸ்டபிள் நாகராஜின் மணிக்கட்டை விட்டார்.

"முப்பது நாளுக்குள்ள அப்பீல் போடணும்," என்றார் கிளார்க், தாள்களை அடுக்கிக்கொண்டே. "அங்கயும் வாய்தாவுக்கெல்லாம் ஆஜராவணும். வரலன்னா ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும்."

"அப்பீலு முடிய எத்தினி வருஷம் ஆவும்?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"நிலுவை நெறய இருக்கும்மா. நாலு ஆவலாம், அஞ்சு ஆவலாம்."

அங்கம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கே அறுவத்தாறு ஆவுது. அதுக்குள்ள முடிச்சுடுங்க சார். நான் போயிட்டா, ஜாமீன்காரி இல்லன்னு இந்தப் புள்ளையயும் தூக்கி உள்ள வெச்சுடுவீங்க."

கிளார்க் பேனாவை எடுத்தார். "வயசு எழுதாம விட்டுட்டேன் பாரு," என்று சொல்லி, கட்டத்துக்குள் அறுபத்தாறு என்று எழுதினார்.